சொம்புச் செடியின் மூன்று குட்டிகள்

குன்னூருக்குக் கீழே இருந்த ஒரு தேயிலை எஸ்டேட்டின் ஆபீஸில் நான் கிளார்க்காக வேலை பார்த்தேன். எங்களுக்குக் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸ், ஒரே தகரக் கூரையின் கீழ் இரண்டு வீடுகள். ஒன்றில் நானும் என் மனைவியும். மற்றொன்றில் எஸ்டேட் டிஸ்பென்சரியின் நர்ஸ் தனியாக இருந்தார். அவரை எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள், நாங்களும் அப்படியே. நடுவில் இருந்தது அரைச் செங்கல் சுவர். அங்கே குக்கர் விசில் அடித்தால் என் மனைவி எழுந்துபோய் எங்கள் அடுப்பைப் பார்ப்பாள்.

என் மனைவிக்கு அன்னூர்ப் பக்கம். சிஸ்டரின் குடும்பம் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து நெல்லியாளத்தில் குடியமர்ந்தது. அவர் பிறந்தது இங்கேதான் என்றாலும் பெற்றவர்களின் பேச்சு நாக்கில் தங்கியிருந்தது. எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு ‘தானே’ போடுவார். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. எங்கள் மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போன பிறகு, மத்தியானங்களில் இருவரும் சேர்ந்து டீ குடிப்பது வழக்கமாகியிருந்தது.

அந்தச் செடியை சிஸ்டர்தான் வாங்கி வந்தார். குன்னூரில் ஒரு நர்சரியில் பூவோடு இருந்ததைப் பார்த்து ஆசைப்பட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். புரோமீலியாட் என்று அங்கே சொன்னார்களாம். அன்னாசிக்கு நெருங்கிய சொந்தம். இலைகளும் அன்னாசி இலை மாதிரியே விறைப்பாக, ஓரத்தில் சின்னச் சின்ன முள்ளோடு இருந்தன. ஒன்றை ஒன்று அணைத்துக்கொண்டு நடுவில் ஒரு குழி. ஊற்றிய தண்ணீர் அதில் அப்படியே நிற்கும். குவார்ட்டர்ஸ் முழுவதும் அதற்குச் சொம்புச் செடி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இலைகளில் குறுக்கே வெள்ளி மாவு தடவியது போன்ற பட்டைகள். நெடுக, இரண்டு ஓரத்திலும், வேட்டிக்கரை மாதிரி ஒரு வெள்ளைக் கரை. குழியிலிருந்து எழுந்து நின்ற பூங்கொத்து நல்ல ரோஸ் நிறம்.

ஆனால் அந்த ரோஸ் நிறம் பூ அல்ல. கிட்டப்போய்ப் பார்த்தால்தான் தெரியும். ரோஸ் நிறத்தில் கூராக இருப்பவை பூவைக் காக்கும் இலைகள். அவற்றின் இடுக்கில் ஒரு நெல்லளவே தெரிகிற நீலப் பூக்கள் ஒன்றிரண்டாகத் திறக்கும். காலையில் நீலமாக இருப்பது வாடும்போது சிவந்துவிடும். அது ஒரு நாள் வாழ்க்கை. ரோஸ் நிறமோ பொங்கலுக்குப் பார்த்தது சித்திரையிலும் நின்றது. பார்க்க வந்தவர்கள் யாரும் நீலப் பூவைக் கவனித்ததாக எனக்கு நினைவில்லை.

பூ முடிந்ததும் தாய்ச்செடி தளரத் தொடங்கியது. ஒரு செடி ஒரே தடவைதான் பூக்கும், பிறகு அடியில் குட்டி விட்டுவிட்டு மெல்லச் சாகும் என்று நர்சரியில் சொல்லியிருந்தார்களாம். அதன்படியே இரண்டு குட்டிகள் வந்தன. ஒன்றை என் மனைவி கேட்டாள். சிஸ்டர் அதைப் பிரித்து, புதுத் தொட்டியில் மண் போட்டு நட்டு, வேர் பிடித்த பிறகு கொண்டுவந்து கொடுத்தார். அது ஒரு மரியாதை. நட்டே கொடுத்ததுதான் பின்னால் வம்பானது.

எங்கள் வீட்டுக்கு வந்த குட்டிக்குக் கரையே வரவில்லை. வளர வளரப் பச்சையாகவே வளர்ந்தது. வெள்ளிப் பட்டைகள் இருந்தன, ஆனால் என் மனைவி தூசி என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்ததில் அவையும் பாதி போயின. அவை துடைத்தால் போய்விடும் என்பது எங்களுக்குத் தெரியாது. சிஸ்டர் வீட்டுப் படியில் நின்ற மற்ற குட்டியோ கரையும் பட்டையுமாகத் தாயை உரித்து வைத்திருந்தது.

“தாயும் கரை, அங்க இருக்கற குட்டியும் கரை. எனக்கு வந்தது மட்டும் எப்படீங்க பச்சையா இருக்கும்?” என்று என்னிடம் கேட்டாள். வெயில் போதவில்லையோ என்னவோ என்று சொல்லி வைத்தேன். அவளுக்கு அது போதவில்லை. காய்கறி ஜீப் வந்த ஒரு காலையில், ஃபாக்டரி ஆபீசரின் மனைவியிடம், கரைச் செடியைக் கொடுக்க மனசில்லாமல் எங்கேயோ ஒரு சாதாப் பச்சைச் செடியை வாங்கி நட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்று சொன்னாள். மத்தியானத்துக்குள் அது டிஸ்பென்சரிக்குப் போய்விட்டது.

சாயங்காலம் சிஸ்டர் யூனிஃபார்மோடு எங்கள் படியில் வந்து நின்றார். நான்தான் கதவைத் திறந்தேன்.

“நான் என் வாழ்க்கையில வாங்கினது ஒரே ஒரு செடின்னு அக்காகிட்ட சொல்லிருங்க சார்” என்றார். அவ்வளவுதான். உள்ளே வரவில்லை.

சுவருக்குப் பக்கத்திலேயே நின்றிருந்த என் மனைவிக்கு அது கேட்டது. வெளியே வரவில்லை.

அதன் பிறகு சில வருடங்கள் இருவரும் பேசவில்லை. சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. மத்தியான டீ நின்றது. துணி காயப்போடும் நேரங்கள் மாறின. சிஸ்டர் என்னிடம் முன்பு போலவே பேசினார், சம்பளச் சீட்டு, லீவு என்று ஆபீஸ் விஷயங்கள் மட்டும். என் மனைவியும் அவரைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டால் மட்டும் தலையைத் தூக்கிப் பார்ப்பாள். நான் யார் பக்கமும் பேசவில்லை. பேசியிருந்தால் ஏதாவது ஆகியிருக்குமா என்று அப்போது யோசிக்கவுமில்லை.

நடுவில் ஒரு மழைக்காலத்தில் கீழே ஊருக்குள் டெங்கு வந்தது. வீடு வீடாகப் போய்த் தேங்கிய தண்ணீரைக் கொட்டச் சொல்லும் வேலை சிஸ்டருக்கு வந்தது. எங்கள் கேட்டுக்கும் வந்தார். டயர் இல்லை, உடைந்த பானை இல்லை. அவர் கண் செடியில் போய் நின்றது.

“குழியில தண்ணி நிக்குதுதானே சார். வாரத்துக்கு ரெண்டு தடவை கவுத்துட்டுப் புதுசா ஊத்தச் சொல்லுங்க.”

உள்ளேயிருந்து என் மனைவி, “அவிங்க ஊட்டுச் செடியில நிக்கலீங்களான்னு கேளுங்க” என்றாள், என்னைப் பார்த்து.

“நான் கவுத்துட்டுத்தான் இருக்கேன்” என்றார் சிஸ்டர், அதுவும் என்னைப் பார்த்து.

அது உண்மை. ஞாயிறு காலைகளில் அவர் தொட்டியை இரண்டு கையாலும் தூக்கிச் சாய்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். என் மனைவியும் அந்த வாரத்திலிருந்து சாய்க்கத் தொடங்கினாள்.

எங்கள் செடி நன்றாகப் பெருத்தது, ஆனால் பூக்கவில்லை. எங்கள் உயரத்துக் குளிரில் அது நிதானமாகத்தான் வளரும். என் மனைவிக்குப் பொறுமை இல்லை. கைபேசியில் ஒரு வீடியோ பார்த்தாள். அதில் சொன்னபடி குழியின் தண்ணீரைக் கொட்டினாள். நன்றாகப் பழுத்த ஆப்பிள் ஒன்றைச் செடிக்குள் வைத்து, பெரிய பிளாஸ்டிக் பையால் முழுவதும் மூடிக் கட்டினாள். ஒரு வாரத்துக்கு மேல் அது மூலையில் பேய் மாதிரி நின்றது. பழுக்கிற பழத்திலிருந்து வரும் ஏதோ ஆவி, பூக்கும் நேரம் வந்துவிட்டது என்று செடியை நம்பவைக்கிறதாம். மலையாளத்துப் பக்கம் அன்னாசித் தோட்டங்களில் மருந்து ஊற்றி மொத்தமாகப் பூக்க வைப்பதும் இதே சூட்சுமம்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். பையை அவிழ்த்தபோது ஆப்பிள் கூழாகியிருந்தது, செடியில் ஒரு மாற்றமும் இல்லை. அவளும் மறந்துவிட்டாள். மேலும் பல வாரங்கள் கழித்து, தண்ணீரைச் சாய்க்கும்போது குழியின் அடியில் ரோஸ் நிறமாக ஏதோ தெரிகிறது என்று கூப்பிட்டாள்.

பூங்கொத்து சிஸ்டரின் முதல் செடியில் பார்த்ததைவிடச் சிறியதுதான். அவசரப்படுத்திப் பூக்க வைத்ததாலோ என்னவோ. ஆனால் நிறம் குறையவில்லை. அதைத் தூக்கி முன்படியின் ஓரத்தில் வைத்தாள். டிஸ்பென்சரிக்குப் போகும் பாதை அந்தப் படியை ஒட்டித்தான் போகிறது. முதல் நாள் சிஸ்டர் நடையைக் குறைத்து ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு போனார். ஜன்னல் வழியாக என் மனைவியும், அவளுக்குப் பின்னால் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம். சிஸ்டர் முகத்தில் பொறாமையோ கோபமோ எனக்குத் தெரியவில்லை. ஒரு நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

பூ முடிந்து செடி பழுப்பேறியபோது, கண் பட்டுவிட்டது என்றாள் என் மனைவி. பூத்தால் சாவதுதான் அதன் வழக்கம் என்று அவளுக்கே தெரியும், சிஸ்டர் சொல்லித்தான் தெரியும். இருந்தும் சொன்னாள். அடியில் வந்த குட்டிகள் எல்லாமே சுத்தப் பச்சை. அது அவள் கட்சிக்கு இன்னும் பலமாகிவிட்டது. கரைச் செடியின் வம்சமாக இருந்திருந்தால் ஒன்றிலாவது கரை எட்டிப் பார்த்திருக்காதா என்றாள்.

சிஸ்டரின் கரைச் செடி அடுத்த வருடம், யாரும் எதுவும் செய்யாமல், பனிக்காலம் முடிந்த பிறகு தானாகப் பூத்தது. வெள்ளை அதிகமுள்ள செடிக்கு வலு குறைவு, அதனால் தாமதம். அது எனக்குப் பின்னால் புரிந்தது. அவர் அதை முன்பக்கம் வைக்கவில்லை. பின்படியில், துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். மழை பிடித்த பிறகும் ரோஸ் நிறம் நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. துணி காயப்போடப் போன என் மனைவி வெகுநேரம் திரும்பவில்லை. பிறகு தாழ்ந்த குரலில் கூப்பிட்டாள்.

“ஏனுங்க, இங்க கொஞ்சம் வாங்க.”

ஈரப் புடவை தோளில் கிடக்க, இரண்டு வீட்டுப் பின்பக்கத்துக்கும் நடுவே இருந்த வேலிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். வேலிக்கு அப்பால், பூ வாடிய தாய்ச்செடியின் அடியில் மூன்று குட்டிகள் எழுந்திருந்தன. ஒன்றுக்குத் தாயைப் போலவே வெள்ளைக் கரை. நடுவில் இருந்தது பச்சை, எங்கள் வீட்டுச் செடியின் அதே பச்சை. மூன்றாவதில் பச்சையே இல்லை. அடியிலிருந்து நுனிவரை வெள்ளை, நுனியில் மட்டும் லேசான ரோஸ். மூன்றும் ஒரே அடித்தண்டிலிருந்து வந்திருந்தன. அதில் சந்தேகப்பட இடமே இல்லை.

“ஒரே அடியில இருந்துதானுங்க வந்திருக்குது” என்றாள்.

நான் ஆமாம் என்றேன்.

புடவையைக் கயிற்றில் போட்டாள். கிளிப் மாட்டினாள். எடுத்து மறுபடி வேறு இடத்தில் மாட்டினாள். அன்றைக்குச் சமையலில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது.

சாயங்காலம் அவள் முன்வாசல் வழியாகப் போகாமல், வேலியோரமாகவே போய் நின்றாள். சிஸ்டர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நான் எங்கள் சமையலறை ஜன்னலில் இருந்தேன். மன்னிப்புக் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

“சிஸ்டர், அந்தப் பச்சைக் குட்டிய எனக்குக் குடுக்கறீங்களா?”

சிஸ்டர் தலை நிமிர்ந்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

“பச்சை எதுக்கு அக்கா? உங்ககிட்ட நெறய இருக்குதானே. வெள்ளைய எடுத்துக்கங்க.”

வேண்டாம், அது ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, பார்க்கவும் நன்றாக இருக்கிறது, உங்களிடமே இருக்கட்டும் என்று இவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். சிஸ்டர் உள்ளே போய்க் கத்தியோடு வந்தார். உட்கார்ந்து, வெள்ளைக் குட்டியைத் தாயிடமிருந்து வேரோடு அறுத்தெடுத்தார். இந்தத் தடவை தொட்டியில் நடவில்லை. அப்படியே, மண் சொட்டச் சொட்ட, வேலிக்கு மேலே நீட்டினார். என் மனைவி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மறுநாள் மத்தியானம் டீ குடிக்க வந்தார். பழைய பேச்சை இருவருமே எடுக்கவில்லை என்று என் மனைவி சொன்னாள். டிஸ்பென்சரிக்கு வந்த புது டாக்டரைப் பற்றியே பேசினார்களாம்.

வெள்ளைக் குட்டியைப் பார்க்க குவார்ட்டர்ஸ் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். பீங்கானில் செய்தது போல இருந்தது. என் மனைவி அதற்கு உரம் வைத்தாள், காலை வெயிலில் வைத்தாள், மாலையில் உள்ளே எடுத்தாள். சில வாரங்கள் அது அப்படியே நின்றது. வளரவில்லை. பிறகு நுனிகள் பழுப்பேறின. பழுப்பு தினமும் கொஞ்சம் கீழே இறங்கியது. தண்ணீரைக் கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள். கடைசியில் நடு இலை கையோடு வந்துவிட்டது.

“சிஸ்டர்கிட்டச் சொல்லீராதீங்க” என்றாள்.

எதற்காக என்று கேட்டேன். முன்பு கொடுத்ததைப் பழி சொன்னவள் இப்போது கொடுத்ததைக் கொன்றுவிட்டாள் என்று நினைப்பார்கள் என்றாள். நான் சொல்லவில்லை. தொட்டியைப் பின் அறை ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். சிஸ்டர் டீக்கு வரும்போதெல்லாம், குட்டி எப்படி இருக்கு என்று தவறாமல் கேட்பார். குளிர் ஆகாதல்லவா, உள்ளே வைத்திருக்கிறேன், நன்றாக இருக்கிறது என்று இவள் சொல்வாள். அவர் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. அது எனக்கு வியப்பாக இருந்தது. செடி விஷயத்தில் அவர் பார்க்காமல் விடுகிற ஆள் இல்லை.

ஐப்பசி மழையில் பின்படியில் பாசி பிடித்திருந்தது. வாளியோடு இறங்கியவள் வழுக்கி விழுந்தாள். கணுக்கால் உடனே வீங்கிவிட்டது. நான் டிஸ்பென்சரிக்கு ஓடினேன். சிஸ்டர் பேண்டேஜ் பெட்டியோடு என்னை முந்திக்கொண்டு வந்தார். அவளைப் பின் அறைக் கட்டிலில்தான் படுக்க வைத்திருந்தேன். அங்கே ஜன்னலில் அந்தத் தொட்டி இருப்பது அப்போது எனக்கும் நினைவில் இல்லை.

எலும்பு முறியவில்லை என்று அழுத்திப் பார்த்துச் சொன்னார். கட்டுப் போட்டார். காலுக்குக் கீழே தலையணையை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது ஜன்னல் தெரிந்தது. தொட்டியில் காய்ந்த சருகு ஒன்று மட்டும் நின்றது.

“இது எப்பக்கா போச்சு?”

என் மனைவி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். “புரட்டாசிக்கு முன்னாடியேங்க.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்தானே.”

“எப்படீங்க சொல்றது? இத்தனை நடந்த பொறகு.”

சிஸ்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அது பிழைக்காது என்பது கொடுத்த சில நாளிலேயே தனக்குத் தெரிந்துவிட்டது என்றார். குன்னூருக்குப் போனபோது அதே நர்சரியில் பெருமையாகச் சொன்னாராம், வெள்ளைக் குட்டி ஒன்று வந்தது என்று. இலையில் பச்சையே இல்லாத குட்டி தனக்கு வேண்டிய சாப்பாட்டைத் தானே செய்துகொள்ள முடியாது, தாயோடு ஒட்டியிருக்கும்வரை தாய் ஊட்டும், பிரித்தால் கொஞ்ச நாள்தான் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள்.

“இருக்கறதுலயே நல்லதைக் குடுக்கணும்னு நெனச்சேன் அக்கா. சாகப்போறதைக் குடுத்துட்டேன். நீங்க மறுபடி என்ன நெனப்பீங்களோன்னு எனக்குப் பயம். அதான் வாரம் வாரம் கேட்டுக்கிட்டே இருந்தேன். நல்லா இருக்குன்னு நீங்க சொல்லச் சொல்ல எனக்கு இன்னும் பயமாப் போச்சு.”

என் மனைவி திரும்பிப் பார்த்தாள். முதலில் யார் சிரித்தார்கள் என்று சொல்ல முடியவில்லை. சிரித்ததில் கால் அசைந்து வலியில் முனகினாள். அப்போதுதான் அந்த வார்த்தை வந்தது, முனகலோடு முனகலாக. “அன்னிக்குக் காய்கறி ஜீப்புகிட்ட நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்க சிஸ்டர்.” சிஸ்டர் கட்டை ஒரு தடவை சரிபார்த்தார். வீக்கம் வற்றும்வரை தினமும் காலையில் வந்து கட்டு மாற்றிவிட்டு, டீயும் குடித்துவிட்டே டிஸ்பென்சரிக்குப் போனார்.

பிறகு அவர் ரிட்டயர் ஆகி நெல்லியாளத்துக்குத் தம்பி வீட்டோடு போய்விட்டார். கரைக் குட்டியையும் பச்சைக் குட்டியையும் கூடவே கொண்டுபோனார். சுவருக்கு அந்தப் பக்கம் கல்யாணமாகாத ஒரு ஃபீல்டு ஆபீசர் வந்தார். அவர் வீட்டில் குக்கர் இல்லை.

போன வருடம், நான் ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால், நாங்கள் இருவரும் அவரைப் பார்க்கப் போனோம். ஊட்டி வழியாகக் கூடலூர் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ். நெல்லியாளம் எங்கள் இடத்தைவிடத் தாழ்வு. வெக்கையும் மழையும் அதிகம். செடிகள் அங்கே வேறு ஜாதி போல ஆகியிருந்தன. இலைகள் நீண்டு, தளர்ந்து, வெளிறிய பச்சையில் இருந்தன. வெள்ளிப் பட்டை மங்கலாகத்தான் தெரிந்தது. எங்கள் ஊரில் மூன்று நான்கு வருடம் எடுப்பது இங்கே சீக்கிரமே நடந்துவிடுகிறது, காலமும் ஒன்றாக இல்லை, ஆடியில் ஒன்று பூத்தால் கார்த்திகையில் இன்னொன்று என்று சிஸ்டர் சொன்னார். அக்கம்பக்கத்து மலையாள வீடுகளுக்கும் குட்டிகள் போயிருந்தன. ஒரே பச்சைக் குட்டியின் பிள்ளைகள், ஒரே தெருவில், நிழலில் இருந்தது ஒரு விதமாகவும் வெயிலில் இருந்தது செம்பு நிறம் ஏறியும் நின்றன. அவர் இப்போது பக்கத்தில் ஒரு கிளினிக்கில் அரை நாள் வேலைக்குப் போகிறார்.

ஒரு நாள் தங்குவதாகத்தான் போனோம். திரும்பும் காலையில் என் மனைவி பையை எடுக்கவில்லை. வாசலில் சிஸ்டரோடு உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“நீங்க போங்க. நான் ரெண்டு நாள் இருந்துட்டு வர்றனுங்க” என்றாள்.

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் பிறந்த வீடு, மகள் வீடு தவிர வேறெங்கும் தனியாகத் தங்கியதில்லை. சரி என்றேன். சிஸ்டரின் தம்பி என்னை பஸ் ஸ்டாப்புக்குக் கொண்டுவந்து விட்டார். ஊட்டி வந்தபோது நல்ல மழை. மாற்று பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவளிடமிருந்து போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமைவரை இருக்கப்போவதாகவும், தோசை மாவு ஃபிரிட்ஜில் இருப்பதாகவும், புளிப்பதற்குள் சுட்டுச் சாப்பிட்டுவிடும்படியும் சொன்னாள். பின்னால் சிஸ்டர் ஏதோ சொல்ல, இவள் போனை வைக்காமலே அவருக்குப் பதில் சொல்லத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு நான் போனை வைத்தேன்.